காசிக்குப் போகாத காலும் ஒரு ருமானி மாம்பழமும்

எனக்கு வயது அறுபத்தெட்டு. வளர்த்து ஆளாக்கியது ஐந்து பேரை. நான்கு என் வயிற்றில் பிறந்தவை, ஒன்று என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஐந்தில் ஒன்றைக்கூட அடுத்த வீட்டு வாசலில் நான் நிற்க விட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் என்னைப் 'பாட்டி, பாட்டி' என்று ஏதோ ரோட்டில் கண்டெடுத்த ஆள் மாதிரி கூப்பிட்டார்கள். என் பெயர் முனியம்மாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றுக்கு எதிரே, இருபத்திரண்டு வருடம் மெஸ் நடத்தியவள்.

படித்தது மூன்றாம் வகுப்பு. பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயரைப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் விரல் ஒத்துழைக்காது. ஆகவே நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கல்பனா எழுதுகிறாள். புத்தகத்தில் வருகிற மாதிரி எழுது, ஆனால் யார் என்ன பேசினார்களோ அதை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன். இதை எழுதச் சொல்வது பரிதாபத்துக்காக இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் நாலு பேர் படித்தால் ஒருவராவது இன்று காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்ப்பார்.

எனக்குச் சர்க்கரை வந்து எட்டு வருடம். மாத்திரை போட்டுக்கொண்டேன், நடந்தேன், காப்பியில் சர்க்கரையை விட்டேன். மாம்பழத்தை மட்டும் விடவில்லை. சித்திரையில் பங்கனப்பள்ளி, ஆனியில் ருமானி. ருமானியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: உருண்டையாக இருக்கும், தோல் காகிதம் போல இருக்கும், கையில் உருட்டி உருட்டிக் கசக்கி மூக்கைக் கிள்ளி உறிஞ்ச வேண்டும். எங்கள் திருவள்ளூர்ப் பக்கத்துத் தோப்புகளில் அதுதான் பழம்.

என் பெரிய மகன் வேலு திட்டுவான். அவன் மனைவி தனம் இன்னும் அதிகமாகத் திட்டுவாள். தனம் என் அண்ணன் மகள், அதனால் மாமியார் என்ற பயம் கிடையாது, வா போ என்றுதான் பேசுவாள். இரண்டு பேருக்கும் என்னிடம் ஒரே பதில் இருந்தது. காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு காயையும் ஒரு பழத்தையும் கங்கையில் விட்டுவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகு சாகும்வரை அதை வாயில் வைக்கக் கூடாது. அது வழக்கம். "காசியில உட்டுட்டு வரேன். அதுவரைக்கும் என் வாய எவரும் பாக்காதீங்க" என்பேன்.

சும்மா சொன்னதில்லை. பெரியபாளையத்திலிருந்து ஒரு கோஷ்டி ஆடி அமாவாசைக்குக் காசிக்குப் போவதாக இருந்தது. என் பெயரும் அதில் இருந்தது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

சித்திரை கடைசியில் ஒரு நாள் மெஸ்ஸிலிருந்து வீட்டுக்கு வந்து, கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குப் போனேன். பின்னால் தனத்தின் குரல் வந்தது.

"அத்தே, நில்லு. நடக்காத. இன்னாத்த மிதிச்சிகினு வந்த?"

திரும்பிப் பார்த்தேன். வெள்ளை டைல்ஸ் மேல் வாசலிலிருந்து என் கால்வரைக்கும் சிவப்பாகத் தடம். வலது கால் தடம் மட்டும். எனக்கு ஒரு வலியும் இல்லை. தனம் என்னைக் கீழே உட்காரவைத்துக் காலைத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்கு அடியில், சுருள் சுருளாகக் கம்பெனி வாசலில் கொட்டிக் கிடக்குமே இரும்புச் சீவல், அதில் ஒரு துண்டு செருப்பைத் தாண்டி ஏறியிருந்தது. அன்றைக்கு ஏறியதும் இல்லையாம். உள்ளே பழுத்திருந்தது, நாலைந்து நாளாவது ஆகியிருக்கும் என்றாள். நாலைந்து நாளாக ஒரு இரும்பின் மேல் நின்று சாம்பார் வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

அவள் ஈரத்துணி எடுத்து வந்து வாசல்வரை அந்தத் தடத்தை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், நல்லவர்கள்தான். கால் நோய்க்கென்று ஒரு தனிப் பிரிவு, வெளியே செருப்பு விடுகிற பலகை. நான் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரமும் அந்தப் பலகையைத்தான் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒற்றைச் செருப்பு. சில இடதுகால், சில வலதுகால். பக்கத்தில் இருந்த தனமும் அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து எனக்கும் பலகைக்கும் நடுவில் நின்றுகொண்டாள். ரொம்ப நேரம் நின்றாள். கால் வலிக்கும், உட்கார் என்றேன். நிக்கணும்போல இருக்குது என்றாள்.

டாக்டர் என் கடைசி மகன் வயது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நைலான் நரம்பு ஒன்றை வைத்திருந்தார், தூண்டில் கயிறு மாதிரி. உள்ளங்காலில் தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வருமா? ஒரு குத்துமதிப்பாக, "இப்ப தொட்டே" என்றேன். கொஞ்சம் விட்டு, "இப்பயும் தொட்டே."

"பாட்டி, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றார்.

தனம் சிரித்துவிட்டாள். டாக்டரும் நானும்தான். சர்க்கரை பல வருடம் இருந்தால் காலுக்குப் போகிற நரம்பு முதலில் செத்துப்போகுமாம். ஆணி ஏறினாலும், அடுப்புக்கரி பட்டாலும் சேதி மேலே வராது. பிறகு காலுக்குப் போகிற ரத்தக்குழாயும் சுருங்கும். அதைப் பார்க்க ஒரு குச்சியைக் கணுக்காலில் வைத்தார்கள், பொட்டியிலிருந்து குஷ் குஷ் என்று ரத்தம் ஓடுகிற சத்தம் வந்தது. இடதுகாலில் நன்றாகக் கேட்டது. வலதுகாலில், பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கிற மாதிரி தூரத்தில் கேட்டது. ரத்தம் போகாத சதை கறுத்துப்போகும், கறுத்தது திரும்பாது, அதை எடுக்காவிட்டால் மேலே ஏறும். இவ்வளவுதான் விஷயம்.

இன்னொரு சோதனையும் எடுத்தார்கள். சர்க்கரை பார்க்கிற அன்றைக்கு முன்னால் இரண்டு நாள் வாயைக் கட்டி டாக்டர்களை ஏமாற்றுவது என் பழக்கம். இது அப்படி ஏமாறாத சோதனை. மூன்று மாதமாக என்ன தின்றோமோ அந்த இனிப்பு ரத்தத்தில் ஒட்டிக்கொண்டே இருக்குமாம். காகிதத்தைப் பார்த்துவிட்டு டாக்டர், "மாம்பழமா?" என்றார். தனம் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

கட்டைவிரலை எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் இருந்தோம். தனம் தினமும் கீழே பாய் போட்டுப் படுத்தாள். ரசத்தைப் பிளாஸ்க்கில் கொண்டுவரச் சொல்லி, அதை ஆற்றி, பிறகுதான் கொடுப்பாள். என் காலுக்குத் தெரியாத சூடு வாய்க்கும் தெரியாது என்று நினைத்தாள் போல. நான் நன்றி எதுவும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

எட்டாவது நாள் வேலு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் தொழிற்பேட்டையில் எலெக்ட்ரீஷியன். கெட்ட சேதி சொல்லும்போது பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொள்வான்.

"யம்மா, காசி டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன்."

"யார கேட்டு?"

"மூணு மாசம் கால் தரையில படக்கூடாதுன்றாங்க. ஆடில எப்டி போவ?"

"போறேனா இல்லயான்னு நான் சொல்லணும். என் பேர அடிக்க நீ யாரு?"

அவன் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமலே எழுந்து போனான். இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை. விரல் போனதற்கு நான் அழவில்லை. அந்தக் கோஷ்டிக் காகிதத்தில் என் பெயர் மேல் ஒரு கோடு விழுந்ததற்கு அழுதேன், யாரும் பார்க்காதபோது.

வீட்டுக்கு வந்தோம். கல்பனா கம்ப்யூட்டர் படிக்கிறாள், அவளுக்காக வேலு ஒன்று வாங்கி, டெலிபோன் ஒயர் வழியாக நெட்டும் போட்டிருந்தான். என் கட்டிலை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டார்கள். வயிற்றில் இன்சுலின் ஊசி, காலையில் புண்ணுக்குக் கட்டு. இரண்டும் தனம். கட்டுப் போட்டு முடித்ததும் அவள் கல்பனாவைப் பார்த்து, "காட்டுடி" என்றாள்.

திரையில் ஒரு ஆறு தெரிந்தது. கழுகு மேலே நின்றால் பார்ப்பது போல. வெயில் காலத்து ஆரணி ஆற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஆறாகவே தெரியவில்லை, கடல் ஒன்று வளைந்து படுத்திருந்தது. "இதான் ஆயா, காசி" என்றாள் கல்பனா. கையை அசைக்க அசைக்க ஊர் கிட்ட வந்தது. கூரை, சந்து, ஆற்றுக்கு இறங்குகிற படி. பிறகு போட்டோக்கள், பிறகு சாயங்கால ஆரத்தி சினிமா மாதிரி. நெட் மெதுவாக வரும், அதனால் பூசாரி தீபத்தைத் தூக்கினால் தூக்கிய கையோடு நின்றுவிடுவார். நாங்கள் காத்திருப்போம். அவர் கையை இறக்குவதற்குள் கரண்ட் போய்விடும். கரண்டோடு கங்கையும் போய்விடும்.

முதல் நாள் எனக்குக் கோபம்தான். பொம்மை காட்டிக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் நானே, "அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்துல இன்னா இருக்குது, போ" என்றேன். தினமும் ஒரு படித்துறை. கட்டிலில் படுத்துக்கொண்டே வடக்கிலிருந்து தெற்கு வரை நடந்தேன். ஆற்றுக்குள் சாய்ந்து நிற்கிற கோயில் ஒன்றைப் பார்த்தேன். எருமைகள் குளிக்கிற துறையைப் பார்த்தேன். பட்டுப்புடவை நெய்கிற தெருவுக்குள் போய் வந்தேன்.

ராம்நரேஷ் வந்தது அந்த வாரம்தான். உருக்காலையில் உலைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவன், நாற்பது வயது இருக்கும். ஆறு வருடமாக என் மெஸ்ஸில் சாப்பிடுகிறான். எங்கள் தமிழையே கற்றுக்கொண்டான். கையில் ஒரு பை.

"அம்மா, நீங்க இல்லாம சாம்பார் தண்ணி ஆயிடுச்சி. உங்க புள்ள பேஜாரு பண்றாரு" என்றான். மெஸ்ஸை இப்போது என் தங்கை மகன் பார்க்கிறான்.

பேசிக்கொண்டே திரையைப் பார்த்தவன் அப்படியே நின்றான். "இது நம்ம ஊரு."

காசிக்கு எதிர்க்கரை அவன் ஊர். எனக்குத் தெரியாது. ஆறு வருடம் சோறு போட்டிருக்கிறேன், எந்த ஊர் என்று கேட்டதில்லை, பீகார்க்காரன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கல்பனாவிடம், "பாப்பா, தண்ணிக்கு அந்தாண்ட போ. ரைட்டு. இன்னும் ரைட்டு" என்றான். சந்து சந்தாகக் கணக்குப் போட்டு எண்ணினான். ஒரு பச்சைப் புள்ளியில் விரலை வைத்தான். "எங்க ஊட்டு வேப்பமரம். பக்கத்துல எங்கம்மா இருக்குது" என்றான். மங்கலான கூரைதான் தெரிந்தது. நாலு வருடமாக அவன் ஊருக்குப் போகவில்லை. திரையிலிருந்து விரலை எடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "குரங்கு இருக்குது அம்மா, அது படத்துல இல்ல. மூக்குக் கண்ணாடிய புடுங்கினு போவும், வாழைப்பழம் குட்த்தாதான் திருப்பித் தரும்" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

அவன் கொண்டு வந்த பையில் ஆறு ருமானி இருந்தன. பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. தனம் வருவதற்குள் நான் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஐந்து நாளில் ஆறு பழம். மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்தது இதனால்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடத்தில் இருந்தபோது தனம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

"அத்தே, காசிய முழுசா பாத்துட்ட. வழக்கம்னு ஒன்னு இருக்குல்ல. இன்னா பழத்த உடப் போற?"

அப்போதுதான் புரிந்தது, இத்தனை நாள் எதற்குப் படம் காட்டினார்கள் என்று. வேலு தரையைப் பார்த்தான், அவனும் கூட்டு.

"உடறேன்" என்றேன். "கல்பனா, கம்ப்யூட்டர்ல ஒரு மாம்பழம் போடு."

அவள் போட்டாள். பெரிய மாம்பழம், திரை முழுக்க.

"படத்துல பாத்த காசிக்குப் படத்துல இருக்கிற மாம்பழத்த உட்டுட்டேன். இனிமே கம்ப்யூட்டர்ல மாம்பழம் வந்தா கண்ண மூடிப்பேன்."

வேலு சிரித்தான், கல்பனா சிரித்தாள். தனம் சிரிக்கவில்லை. "தரைய தொடச்சவ நான்தான் அத்தே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் கட்டைப் பிரித்தவள் என் காலை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். இரண்டாவது விரல் நுனி நாவல்பழம் போல இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சர்க்கரை எகிறி இருந்தது, புண்ணில் திரும்பவும் சீழ். டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து என் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே நீலமாக ஒரு கோடு போட்டார்.

"கறுப்பு பாதத்துக்கு ஏறிச்சுன்னா இங்க எடுக்கணும். பத்து நாள் மருந்து போட்டுப் பாப்போம். சர்க்கரை இறங்கினாதான் மருந்து வேலை செய்யும். அது உங்க கையில இருக்கு, என் கையில இல்ல."

வீடு வரும்வரை ஆட்டோவில் தனம் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் ஆறு கொட்டைகள் இருந்ததை அவள் காலையிலேயே பெருக்கிப் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பயந்துபோய் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம் இருந்தது. ஆனால் பயந்து ஒன்றை விடுவது எனக்குப் பிடிக்காது. தனம் சொல்லி விட்டதாகவும் இருக்கக் கூடாது, டாக்டர் கோட்டுக்கு அடங்கி விட்டதாகவும் இருக்கக் கூடாது. விட்டால் கங்கையில் விட வேண்டும். கங்கை நிஜமாக இருக்க வேண்டும், பழமும் நிஜமாக இருக்க வேண்டும்.

ராம்நரேஷுக்கு ஆள் அனுப்பினேன். அவன் தங்கைக்குக் கல்யாணம், இரண்டு நாளில் ஊருக்குப் புறப்படுவதாக இருந்தான். நல்ல ருமானி ஒன்று வாங்கிவரச் சொல்லி, இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, மோந்து பார்த்து, அவன் கையில் கொடுத்தேன்.

"என் பேர சொல்லி ஆத்துல உடு. உடும்போது போன் பண்ணு. நான் இங்க பாத்துகினு இருப்பேன்."

"எந்தப் படில அம்மா?"

சாய்ந்த கோயிலுக்குப் பக்கத்துப் படியைத் திரையில் காட்டினேன். அவன் தலையாட்டினான்.

ஐந்தாம் நாள் காலையில் வேலுவின் செல்போன் அடித்தது. கல்பனா அந்தப் படித்துறையைத் திரையில் கொண்டு வந்து, போனை என் காதில் வைத்தாள். மணிச் சத்தம், படகுக்காரர்கள் கத்துகிற சத்தம், ஒரு குழந்தை அழுகிற சத்தம். என் முன்னால் அதே படி. காது அங்கே, கண் இங்கே. அவனை அந்தப் படத்தில் தேடினேன்.

"ஆயா, அது எப்பவோ மேலருந்து எடுத்த போட்டோ. அவுரு அதுல தெரிய மாட்டாரு" என்றாள் கல்பனா.

"தெரியும், நீ கம்முனு இரு" என்றேன். தெரியாது. அதுவரை அது இப்போது நடப்பது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா" என்றான் ராம்நரேஷ். குரல் தாழ்ந்திருந்தது. "கோச்சிக்கக் கூடாது. பழம் நாக்பூர் தாண்டங்காட்டியும் கசிய ஆரம்பிச்சிச்சி. வெயிலு. எதிர் சீட்டுல ஒரு கிழவி, வாசனை தாங்காம அதையே பாத்துகினு வந்துச்சி. கெட்டுப் போறதுக்கு முன்னாடி அதுக்குக் குட்த்துட்டேன். கொட்ட மட்டும் வச்சிருக்கேன்."

ருமானியை ரெண்டு நாள் ரயிலில் அனுப்பினால் என்ன ஆகும் என்று இருபத்திரண்டு வருடம் மெஸ் நடத்திய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அது எப்டி தின்னுச்சி? அறுத்தா, உறிஞ்சா?" என்றேன்.

"உறிஞ்சிதான் அம்மா. கையெல்லாம் வழிஞ்சிச்சி."

"அப்ப சரி. கொட்டைய உடு. பழத்த உட்டா ஒரு பழம். கொட்டைய உட்டா அதுல மொளைக்கிறது எல்லாமும் போச்சி."

அவன் என் பெயரைச் சொன்னது கேட்டது. 'முனியம்மா, கும்மிடிப்பூண்டி' என்று ஊரோடு சேர்த்துச் சொன்னான். அதே நேரம் தனம் ஒரு சொம்பில் குழாய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். யாரும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து அதன் மேல் ஊற்றினாள். "ருமானியை உட்டேன்" என்று நான் சத்தமாகச் சொன்னேன்.

"காய்?" என்றாள் தனம்.

"பாவக்காய்."

"அது உனக்குப் புடிக்கவே புடிக்காதே."

"புடிச்ச காய நேர்ல போய் உடறேன். அதுக்கும் மீதி இருக்கணும்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

பழத்தை விட்டதால் கால் பிழைத்தது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி ஏமாற்ற வேண்டாம். மருந்து, இரண்டு வேளை ஊசி, தினம் இரண்டு தடவை தனம் கழுவிக் கட்டியது, நான் வாயைக் கட்டியது, எல்லாம் சேர்ந்துதான். இரண்டாவது விரலும் போயிற்று. கறுப்பு அங்கேயே நின்றது. பத்தாம் நாள் டாக்டர் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்து, "கோடு எங்க?" என்றார்.

"அழிஞ்சிபோச்சி. திருப்பிப் போட வேண்டாம்" என்றேன். போடவில்லை.

ஆடி அமாவாசைக்குப் போன கோஷ்டி திரும்பி வந்தது. என்னைப் பார்க்க வந்தவர்கள், கம்ப்யூட்டரில் காசி பார்த்தாயாமே என்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சாய்ந்த கோயிலைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒருத்தி கூடப் பார்க்கவில்லை. செருப்பைக் காவல் காத்ததும், பாத்ரூம் தேடியதும், கூட்டத்தில் ஒருத்தியைத் தொலைத்து அலைந்ததும்தான் சொன்னார்கள். நான் ஒவ்வொரு படியாகச் சொல்லிக் காட்டினேன். சிரிப்பு நின்றது. நான் பார்த்தது காசிதான். போகவில்லை, அவ்வளவுதான். பார்ப்பது வேறு, போவது வேறு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வருடக் கோஷ்டியில் என் பெயரை நானே போய் எழுதிக் கொடுத்தேன், மூன்று விரல் காலோடு, தனிச் செருப்புப் போட்டுக்கொண்டு. எனக்குக் கீழே தனத்தின் பெயரையும் எழுதினேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன காய் விடப் போகிறாய் என்று இப்போதே கேட்டால் பிகு செய்துகொள்வாள்.

போதும், கல்பனா. பேனாவை வை. முதலிலிருந்து ஒரு தடவை படி. அடுப்படியில் உங்கம்மா இருக்கிறாள், அவள் காதில் விழுகிற மாதிரி படி. தடத்தைத் துடைத்தாள் என்று வருகிறதே, அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சத்தமாக.